உண்ணி எண்ணெய் பாட்டிலில் என் முகம் வேண்டாம்

கண்ணு,

நீ நேற்று போனில் அனுப்பிய லேபிள் படம் வந்து சேர்ந்தது. பச்சைக் கலரில், ஒரு காங்கேயம் காளை, அதற்குப் பக்கத்தில் என் முகம். காளையைவிட என் முகம்தான் பெரிதாக இருக்கிறது. மீசையைக் கறுப்பாக்கியிருக்கிறாய், கன்னத்துச் சுருக்கத்தை இஸ்திரி போட்டு எடுத்திருக்கிறாய். உன் அம்மா பார்த்துவிட்டு, "இந்த மாப்பிள்ளை நல்லா இருக்கறாருங்க, எந்த ஊருங்க இவரு?" என்று கேட்டாள். கீழே 'மாட்டு உண்ணிக்கு இயற்கைத் தைலம், ஒரே தீர்வு' என்று எழுதியிருக்கிறாய். வழக்கம்போலச் சிரித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

வருகிற ஒன்றாம் தேதி பம்பு கம்பெனியில் ராஜினாமா பேப்பர் போட்டுவிட்டு, மருமகளையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்து இந்த எண்ணெயைத் தயாரித்து விற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குள் இதைப் படித்து முடித்துவிடு. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை முயற்சி செய்தேன். நான் இழுத்து இழுத்து ஆரம்பிப்பேன், நடுவில் என் வாய் சும்மா இருக்காமல் ஏதாவது கேலி பேசும், நீ சிரிப்பாய், "சரிங்கப்பா, மீட்டிங் இருக்குது, வெச்சுடறேன்" என்பாய். அதனால்தான் கடிதம். பத்தாவதில் கணக்கில் போனவன்தான் நான், ஆனால் தமிழில் தேறியவன் என்பதை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். படித்து முடித்ததும் நம் வீடியோவைப் போட்ட இடத்திலேயே இதையும் போட்டுவிடு. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையும் அவர்களுக்காகச் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஆரம்பித்தது இது. நம் கட்டுத்தரையில் அப்போதும் இப்போதும் மூன்று மாடுகள். செவலையும் கறுப்பியும் சிந்து மாடுகள், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற கலப்பினம். மூன்றாவது அந்தக் காங்கேயம் மயிலைப் பசு. அது பால் கொடுப்பதைவிட என்னை முறைப்பதில்தான் அதிக நேரம் செலவழிக்கும். மழை விட்டதும் செவலையின் காதுக்குள்ளும், வால் அடியிலும், மடிக்குப் பக்கத்து மெல்லிய தோலிலும் உண்ணி ஆமணக்கு முத்து மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. நானும் உன் அம்மாவும் காலையில் உட்கார்ந்து பிடுங்கிப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவோம், மறுநாள் பார்த்தால் அத்தனையும் மறுபடி இருக்கும். அந்தச் சமயத்தில்தான் உடுமலைப்பேட்டையில் ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போனேன். அங்கே ஒரு பந்தலில் ஒருவர் எலுமிச்சைப்புல் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய எனக்கே இப்படி என்றால் இத்தனூண்டு உண்ணிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். என்னுடைய விஞ்ஞானம் மொத்தமும் அந்த ஒரு நினைப்புதான். இன்று வரை அதற்குமேல் வளரவில்லை.

வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், சோப்புக் கரைசல், அதில் எலுமிச்சைப்புல் தைலமும் யூகலிப்டஸ் தைலமும். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியாக நின்றதால், உன் அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து மாவு கிரைண்டரில் ஊற்றி ஓட்டிவிட்டேன். நன்றாகத்தான் கலந்தது. அதற்குப் பிறகு பதினைந்து நாள் நம் வீட்டு இட்லி அந்த வாசத்தோடுதான் வந்தது. "தைரியமாச் சாப்பிடுங்க, உங்க மேல ஒரு உண்ணி ஏறாது" என்று தட்டில் வைப்பாள். சொசைட்டியில் பால் கேனைத் திறந்த செக்ரட்டரி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, உங்க மாடு நேரா லெமன் டீயே கறக்குதுங்களா? சக்கரை மட்டும் நாங்க போட்டுக்கறதுங்களா?" என்றான். இரண்டு வேளைப் பால் திரும்பி வந்தது. அதன்பிறகு கறந்து முடித்துத்தான் தேய்ப்பது, மடிப்பக்கம் தொடுவதே இல்லை என்று ஒரு முறை வைத்துக்கொண்டேன்.

நம் பக்கத்துக் கால்நடை டாக்டரம்மா அப்போதே சொன்னார். சின்ன வயசுப் பெண், என்னை அப்பா என்றுதான் கூப்பிடும். "எண்ணெய் தப்பில்லீங்கப்பா. தேய்ச்ச அன்னைக்கு உண்ணி கொஞ்சம் விலகும். ஆனா அந்த வாசம் ஆவியாப் போயிரும், ரெண்டு நாளைக்கு மேல நிக்காதுங்க. அதில்லாம மாட்டு மேல இருக்கறது கொஞ்சம்தான். மீதியெல்லாம் சுவத்து வெடிப்புல முட்டை வெச்சு உக்காந்திருக்குது. அதை விட்டுட்டு மாட்டை மட்டும் தேய்ச்சுப் பிரயோஜனமில்லீங்க." நான் என்ன செய்தேன்? "ஆமாங்கம்மா, சரிங்கம்மா, நீங்க சொன்னாச் சரிங்க" என்று மூன்று தடவை தலையாட்டி, மோர் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினேன். பிறகு கொட்டகைக்குப் போய் எண்ணெயைத் தேய்த்தேன். நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி கண்ணு. முகத்துக்கு நேரே யாரையும் மறுத்துப் பேச மாட்டோம். சரிங்க என்று சொல்வதற்கும் சரி என்று ஒப்புக்கொள்வதற்கும் நம்மிடம் சம்பந்தமே கிடையாது. டாக்டரம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும், பாவம், சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தை மாசம் பழனிக்கு நடந்து போனேனே, அப்போதும் செவலை மேல் உண்ணி இருந்தது. போய்விட்டு ஐந்தாம் நாள் திரும்பி வந்து பார்க்கிறேன், ஒன்றுகூட இல்லை. காதுக்குள் விரலை விட்டுத் துழாவினேன், வழவழவென்று இருந்தது. முருகனுக்குப் பாதி, எண்ணெய்க்குப் பாதி என்று நானே பிரித்துக் கொடுத்துவிட்டேன். கொட்டகைக்குப் பின்னால் கிளுவை வேலியோரம் நம் நீல வாளி கவிழ்ந்து கிடந்தது. கைப்பிடி ஒடிந்ததை நீ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிக் கொடுத்தாயே, அந்த வாளி. எதற்கு இங்கே கிடக்கிறது என்று கேட்டேன். "ஓட்டைங்க, இனி அதுல தண்ணி மோக்காதீங்க" என்றாள் உன் அம்மா. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னால் நான் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. அப்போதாவது கேட்டிருக்கலாம்.

மாசியில் நீ வந்தாய், வீடியோ எடுத்தாய். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "மூணு மாசமா எங்க கட்டுத்தரையில ஒரு உண்ணி இல்லீங்க, எல்லாம் இந்த எண்ணெய்தானுங்க" என்று பேசினேன். மூன்று மாசம் என்பதே பொய், மூன்று வாரம்தான். வாய்க்கு எடுப்பாக இருந்தது, சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் நிறுத்துவதற்கு மயிலைப் பசுவை நான்தான் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். பார்க்க அம்சமாக இருக்கும் என்று உன்னிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால் அதன் மேல் நான் ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தேய்த்தது கிடையாது. காங்கேயம் மாட்டுத் தோலில் சாதாரணமாகவே உண்ணி அதிகம் ஏறாது. ஏறினாலும் அது சிலிர்த்துச் சிலிர்த்தே உதறிவிடும். பல்லே விளக்காத வாலிபனைக் கூட்டிவந்து பற்பொடிக்கு விளம்பரம் எடுத்த மாதிரி வேலை அது. நீ அதைக் கவனிக்கவில்லை. அப்பன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாய். அந்த நினைப்பைத்தான் இந்தக் கடிதத்தில் உடைக்கப் பார்க்கிறேன்.

வீடியோ எங்கெங்கோ போனது. பங்குனியில் தினமும் வாசலில் ஆள் நின்றது. பல்லடத்திலிருந்து வந்தார்கள், தாராபுரத்திலிருந்து வந்தார்கள். ஒருநாள் நான் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தபோது உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு நாயம் சொல்லோணுமுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க பழனிக்குக் கிளம்புன அன்னைக்கே டாக்டரம்மாவை வரச் சொல்லிப்போட்டேனுங்க. செவலை என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சு, மனசு கேக்கல. மூணு மாட்டுக்கும் மருந்தடிச்சு, செவுத்துச் சந்து பொந்தெல்லாம் அடிச்சுட்டுப் போனாங்க. அப்பறம் பதினஞ்சு நாள் கழிச்சு, நீங்க சொசைட்டிக்குப் போன நேரம் நானே இன்னொருக்கா அடிச்சேன். அந்த நீல வாளியிலதான் கரைச்சது."

"எனக்கு மருந்து நாத்தமே தெரியலியே?"

"உங்க எண்ணெய் வாசத்துல எது தெரியுமுங்க?"

"அப்ப எண்ணெய் என்னதான் பண்ணுச்சு?"

"வாசமா இருந்துச்சுங்க" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதோடு விட்டிருந்தால், அன்றைக்கே உனக்குப் போன் போட்டு "கண்ணு, உங்கப்பன் ஏமாந்துபோனான், வீடியோவை எடுத்துரு" என்று சொல்லியிருந்தால், இந்தக் கதை ஒரு நல்ல நகைச்சுவையாக முடிந்திருக்கும். சிரித்து முடித்த பிறகு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதை வெளியில ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே. பையன் போட்ட வீடியோ, அவன் பேரு கெட்டுப்போகும்" என்றேன். உன் பேரைச் சொல்லி என் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன். உன் அம்மா பாட்டில் மூடிகளை எண்ணாமல் கொள்ளாமல் ஒரு பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பாட்டில்களைக் கையால் தொடவில்லை. நீயும் புதிதாகக் குடும்பம் நடத்துகிறாய், அதனால் சொல்கிறேன்: மருமகள் ஒரு பாத்திரத்தைத் தொடாமல் ஒதுங்கினால், ஏன் என்று அன்றைக்கே கேட்டுவிடு. நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் பதில் தெரியும், அதுதான் காரணம்.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது. நம் ஊருக்குக் கிழக்கே மூன்று மைலில் சாந்தாமணி என்று ஒரு பெண். வீட்டுக்காரர் சோமனூரில் தறி ஓட்டுகிறார், பதினைந்து நாளைக்கு ஒருதரம் வீட்டுக்கு வருவார். ஒரே ஒரு சிந்து மாடு, அந்தப் பாலில்தான் வீடு நடந்தது. நம் வீடியோவைப் பார்த்துவிட்டு நடந்தே வந்து எண்ணெய் வாங்கிப்போனவள். ஆடிச் சாரலில் உண்ணி மறுபடி கிளம்பிய சமயம், ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணா, மாடு ரெண்டு நாளாத் தீனி எடுக்கலீங்க. மேலெல்லாம் கொதிக்குதுங்க. டாக்டரைக் கூப்படட்டுங்களா?"

அப்போது என் எதிரில் எண்ணெய்க்கு வந்தவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உண்ணி கடித்தால் காய்ச்சல் வரும், ரத்தத்தில் கிருமி இறங்கும், உடனே ஊசி போடாவிட்டால் கலப்பின மாடு தாங்காது என்பது எனக்குத் தெரியும். டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னதுதான். ஆமாம் அம்மணி, உடனே கூப்பிடு என்று சொல்ல எத்தனை நேரமாகும்? ஆனால் அந்த நான்கு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க்காரனே டாக்டரைக் கூப்பிடச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? "எதுக்கு அம்மணி டாக்டரு? எண்ணெயை நல்லாத் தேய்ச்சு உடு, சூட்டையெல்லாம் இழுத்துப்போடும்" என்றேன். "சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டாள். மறுநாள் மாடு காப்பி நிறத்தில் மூத்திரம் விட்டதும் பயந்துபோய் அவளாகவே டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்து ஊசி போட்டு, குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். அதற்கடுத்த நாள் காலையில் மாடு போய்விட்டது.

நான்கு நாள் கழித்து சாந்தாமணி நம் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்து, கேட்க வேண்டிய வசவையெல்லாம் கேட்டுவிடுவது என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் பையிலிருந்து நம் பாட்டிலை எடுத்தாள். கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். "வீணாப் போகக் கூடாதுங்கண்ணா, வேற யாருக்காச்சும் ஊத்திக் குடுப்பீங்க" என்று நீட்டினாள். பிறகு தயங்கித் தயங்கி, "தண்ணியில கலக்கற அளவுல நான்தான் எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டனாட்ட இருக்குதுங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் என்பதை எழுத இந்தப் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். "ஒரு வேளை தண்ணி கொஞ்சம் எச்சாப் போயிருக்கும் அம்மணி" என்றேன். "ஆமாங்கண்ணா, என்ற தப்புதானுங்க" என்றாள். உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடாமலே போய்விட்டாள்.

ஆவணியில் உன் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயோடு சின்ன எண்ணெய் பாட்டிலும் வைக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். தேங்காய் போதாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "எல்லாரும்தான் தேங்காய் தர்றாங்கப்பா, நம்ம கல்யாணம் பேசப்படோணும்" என்றாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மண்டப வாசலில் நின்று கைகூப்பிக் கைகூப்பிப் பை கொடுத்தது நான்தான். கொடுத்த ஒவ்வொரு பையிலும் எந்தக் கொட்டகைக்கு எந்தக் காய்ச்சலை அனுப்புகிறேன் என்று எனக்கே தெரியாது. சாந்தாமணியும் வந்தாள். பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கெதுக்குங்கண்ணா, மாடுதான் இல்லீங்களே" என்றாள். உடனே என் முகம் மாறியதைப் பார்த்திருப்பாள் போல. "அட, குடுங்கண்ணா, நல்ல காரியத்துல வேண்டாமுன்னு சொல்லக் கூடாது" என்று வாங்கிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

கல்யாணம் முடிந்து நீங்கள் கோயமுத்தூர் போன பிறகு, என் எண்ணெய் உண்மையில் என்னதான் செய்கிறது என்று முதல்முறையாகப் பார்த்தேன். மாசக்கணக்கில் விற்றுவிட்டுக் கடைசியில் பரீட்சை எழுதியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, லேசாகக் காய்ச்சல் என்றாலும் உடனே கூப்பிடுவதாக உன் அம்மாவிடமும் சத்தியம் செய்துவிட்டு, செவலைக்கு எண்ணெய் மட்டும் தேய்த்தேன், கறுப்பிக்கு ஒன்றும் செய்யவில்லை. தேய்த்த அன்று செவலை மேல் உண்ணி குறைந்தது. மறுநாளும் கொஞ்சம் குறைவுதான். மூன்றாம் நாள் காலையில் இரண்டு மாட்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், எதற்கு எண்ணெய் தேய்த்தேன் என்று முகர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். சரி, காரம் போதவில்லை என்று தைலத்தை இரட்டிப்பாக்கித் தேய்த்தேன். செவலையின் தொடைத் தோல் வெந்து உரிந்துபோய், அது விட்ட உதையில் சாணிக் குழிக்குள் உட்கார்ந்தேன். ஒரு வருஷத்தில் என் எண்ணெயைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் என்னிடம் கருத்துச் சொன்னது செவலை மட்டும்தான். எண்ணெய் சுத்தப் பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் வேலை செய்கிற எண்ணெய் அது. 'ஒரே தீர்வு' என்று லேபிளில் போடுகிறாயே, அந்த இரண்டு வார்த்தைதான் சாந்தாமணி மாட்டைக் கொன்றது.

போன மாசம் அவளுடைய அண்ணன் ஒரு கிடாரிக் கன்று கொடுத்திருக்கிறார். ஒருநாள் காலையில் நம் வாசலில் வந்து நின்றாள், கையில் கல்யாணத்தில் கொடுத்த அந்தச் சின்ன பாட்டில், திறக்காமல் அப்படியே. "இந்தத் தடவை அளவை நீங்களே கைப்பட எழுதிக் குடுத்துருங்கண்ணா, தப்பு வரக் கூடாது" என்றாள். உட்காரச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா மருந்தடித்தது, நான் மறைத்தது, டாக்டர் வேண்டாம் என்று போனில் சொன்னது, தண்ணீர் எச்சு என்று அவள் தலையில் கட்டியது, ஒன்று விடாமல். நடுவில் உன் அம்மாவும் வந்து நின்று, "ஆமா சாந்தா, மருந்து நான்தான் அடிச்சேன்" என்றாள். சாந்தாமணி கேட்டு முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது திட்டுவாள், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"என்னைத் தேத்தறதுக்கு நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்களேண்ணா" என்றாள். "அக்காளும் கூடச் சேந்துக்கறாங்க. என்ற தப்பை உங்க மேல எடுத்துப் போட்டுக்கறீங்க. இந்த மனசு யாருக்கு வருமுங்க?"

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது கண்ணு. ஆயுசு பூராவும் நான் என்னையே மட்டம் தட்டிப் பேசிப் பழகிவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் கிறுக்கன், நான் பத்தாவது பெயில் என்று சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்தேன். அதை எல்லோரும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள், நானும் உள்ளுக்குள் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது நிஜமாகவே ஒரு பாவத்தைச் செய்துவிட்டு வந்து, நான் செய்தேன் என்று சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. நீயும்தான். மூன்றாம் தடவை போனில் "எண்ணெய் வேலை செய்யாது சாமி" என்று தெளிவாகவே சொன்னேன். "நீங்க எப்பவும் இப்படித்தான்பா, உங்க மேல உங்களுக்கே நம்பிக்கை கிடையாது, அதனாலதான் நான் வாரேன்" என்றாய். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்று இருந்தால் அது இதுதான்: உன்னைப் பற்றிக் கேலி பேசு, வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் என்றைக்காவது உண்மையாகவே தலைகுனிய வேண்டி வரும், அன்றைக்கு நம்புவதற்கு நாலு பேரை மிச்சம் வைத்துக்கொள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு என்னால் முடிந்ததைச் செய்கிறேன். டாக்டரம்மாவிடம் கன்றுக்கான அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை மருந்தையும் நீல வாளியையும் வண்டியில் வைத்துக்கொண்டு சாந்தாமணி வீட்டுக்குப் போகிறேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கன்றுக்கும் அடிக்கிறேன், சுவர் வெடிப்புக்கும் அடிக்கிறேன். அவள் வேண்டாமென்று சொல்வதில்லை, காப்பி வைத்துக் கொடுக்கிறாள். டாக்டரம்மாவும் ஒருமுறை கூட வந்து எடுத்துச் சொன்னார். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். போன தடவை போனபோது கன்று மேல் எலுமிச்சைப்புல் வாசம் அடித்தது. "நீங்க அடிச்சுட்டுப் போன பொறவு நம்ம எண்ணெயையும் ஒரு கை தேய்ச்சு உட்டேனுங்க. பாருங்கண்ணா, ஒரு உண்ணி இல்ல. உங்க எண்ணெய் உங்க எண்ணெய்தானுங்க" என்றாள்.

இன்று காலையில் நீ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாய். 'பாருங்கப்பா, ப்ரூஃப்' என்று எழுதி, கட்டைவிரல் தூக்கிய படம் மூன்று போட்டிருக்கிறாய். யாரையோ எடுக்கச் சொல்லி உனக்கு அனுப்பியிருக்கிறாள் போல, சாந்தாமணி தன் கட்டுத்தரையில் நின்றுகொண்டு பேசுகிறாள். முன்னால் மாடு போனது தன்னுடைய அளவுத் தப்பினால் என்றும், இந்தத் தடவை சரியாகத் தேய்த்ததால் கன்று மேல் உண்ணியே இல்லை என்றும், எல்லோரும் நம்பி வாங்கலாம் என்றும், கும்பிட்டுச் சொல்கிறாள். நீ அதை நம் வீடியோவுக்குக் கீழே போட்டாயிற்று, எத்தனையோ பேர் பார்த்துமாயிற்று. உன் அம்மா பார்த்துவிட்டு எழுந்து போய், இந்தக் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எழுதியதைப் படித்துக் காட்டினேன். "கிரைண்டர் கதை வர்ற இடத்துல அவன் சிரிப்பானுங்க, அதோட மூடி வெச்சுருவான்" என்கிறாள். இருக்கலாம். பாதியில் மூடியிருந்தால் இந்த வரி உனக்கு வந்து சேரப்போவதில்லை.

வந்து சேர்ந்திருந்தால் ஒரே ஒரு காரியம் செய். அப்பன் சொல்லை நம்ப வேண்டாம், அதற்குக் காலம் கடந்துவிட்டது. அந்த வீடியோவை மறுபடி எடுத்து, அவள் கும்பிடுகிற இடத்தில் நிறுத்து. அவள் முகத்தைப் பார்க்காதே, கன்றையும் பார்க்காதே. பின்னால் சுவரோரம் பார். மருந்தடித்த அன்று நான் மறந்து வைத்துவிட்டு வந்த நீல வாளி அங்கே இருக்கிறது. விரலால் பெரிதாக்கினால் கைப்பிடி தெரியும். அந்தச் செம்புக் கம்பியை முறுக்கியது நீதான்.

அப்பா